பழைய ஸ்னோமொபைல் எப்படி இயங்குகிறது? அடுப்பங்கரை வழியாக ஒரு சுற்று

பழைய ஸ்னோமொபைல் வாங்கப் போகிறவருக்கு வேண்டிய அறிவில் பாதி, அவர் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. கேஸ்கட் தளர்ந்த குக்கர் விசில் அடிக்காது. பெல்ட் வழுக்கும் கிரைண்டரிலிருந்து கருகல் வாடை வரும். எண்ணெய் காணாத கல்லில் தோசை ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் அறிந்தவருக்கு, பனியில் ஓடும் இந்த வண்டியின் உள்விவகாரம் எதுவும் புதிதாக இருக்காது.

இந்த அறிவை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. கார் பழுதானால் சாலையோரம் நிற்போம். நாலு வண்டி கடந்து போகும். ஸ்னோமொபைல் பழுதானால் காட்டுக்கு நடுவே நிற்போம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மட்டும் ஸ்னோமொபைல் தடங்கள் சுமார் 30,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கின்றன. அவற்றில் பல இடங்களில் கைப்பேசி சிக்னல் கிடையாது. இடுப்பளவு பனியில், மைனஸ் 20 டிகிரியில், 20 கிலோமீட்டர் நடந்து ஊர் சேர்வது எளிதில்லை. ஆகவே இந்த வண்டியைப் பேரம் பேசும் முன் புரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் பலரும் விளையாட்டுச் சாமானாகப் பார்க்கிறார்கள். இதன் கதையோ ஒரு வீட்டின் துயரத்தோடு பின்னியது. கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் 1907-இல் பிறந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, கராஜ் நடத்திவந்த மெக்கானிக். பனியில் ஓடும் வண்டிக்காக இளவயதிலிருந்தே முயன்றுகொண்டிருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. பல்சக்கரமும் ரப்பர் டிராக்கும் இணைந்த தம் இயக்கமுறைக்கு அவர் 1937-இல் காப்புரிமை பெற்றார். முதலில் பலர் அமரும் பெரிய பனி வண்டிகள் வந்தன. 1959-இல் ஓரிருவர் ஏறும் சின்ன வண்டியான ஸ்கீ-டூ வந்தது. இன்று நாம் பழையதாக வாங்கும் வண்டிகளும் அடிப்படையில் அந்தக் குடும்பம்தான்.

முதல் வேலை: அடுப்பைத் தொட்டுப் பாருங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் பானெட்டைத் திறந்து, என்ஜின் அருகே கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஏற்கெனவே காய்ந்த பாலை இன்னொரு முறை பொங்கவைப்பதில் பாலின் தரம் தெரியாது. ஸ்டார்ட்டர் கயிற்றை எத்தனை முறை இழுத்தால் குளிர்ந்த என்ஜின் உயிர் பெறுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய முதல் தகவல். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்பளம் ஏன் முங்குவதில்லை?

பாயசத்தில் கரண்டியைச் செங்குத்தாக விட்டால் அடிவரை போகும். அப்பளத்தைப் படுக்க வைத்தால் மேலேயே கிடக்கும். எடை எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதே இங்கே முக்கியம்.

வண்டி 250 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீழே சுழலும் ரப்பர் டிராக்கின் அகலம் சுமார் 38 சென்டிமீட்டர். அதன் நீளத்தில் ஒரு பெரும் பகுதி பனியின் மேல் படுத்திருக்கும். எடை இப்படிப் பரவுவதால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராமுக்கும் குறைவாகத்தான் அழுத்துகிறது. அதே மனிதர் நடக்கும்போது ஒற்றைக் காலில் ஏறும் அழுத்தம் சுமார் 400 கிராம். அதனால்தான் கால் புதையும் இடத்தில் வண்டி மிதக்கிறது.

டிராக்கின் முழுச் சுற்றளவை அங்குலத்தில் சொல்வார்கள். 120 முதல் 137 வரை உள்ளவை, அழுத்திச் சமன்செய்த தடங்களுக்கு ஏற்றவை. 146, 154, 163 போன்ற நீளங்கள் ஆழ்ந்த பனிக்கும் மலைக்கும் உரியவை. டிராக்கின் மேல் நிற்கும் ரப்பர் பற்களும் அப்படியே: தடத்துக்கு ஒன்றேகால் அங்குலம் போதும், மலைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டும். மலை வண்டியைத் தடத்துக்கு வாங்குவது, நாலு பேர் வீட்டுக்குக் கல்யாணச் சமையல் அண்டா வாங்குவது போன்றது. விலை மலிவு என்பதற்காக அதில் விழ வேண்டாம்.

பின்பக்கத்தைத் தாங்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, டிராக்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பற்கள் உதிர்ந்திருக்கின்றனவா, ரப்பருக்குள் குறுக்கே ஓடும் கம்பிகள் ஒடிந்து அந்த இடம் துணிபோல மடிகிறதா, பிடிப்புக்காக ஆணி அடித்த துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்றும் பாருங்கள். டிராக் போனால் அதை மாற்றும் செலவு, பழைய வண்டியின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். என்ஜினைக் கொண்டு டிராக்கைச் சுழற்றிக் காட்டினால், வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. தெறிக்கும் ஓர் ஆணி போதும், உயிருக்கே ஆபத்து.

தோசைக்கல்லுக்கு எண்ணெய், வண்டிக்குப் பனி

டிராக்கின் உள்பக்கம் இரண்டு நீண்ட தண்டவாளங்கள் உண்டு. அவற்றின் அடியில் பிளாஸ்டிக் பட்டைகள் மாட்டியிருக்கும். ஸ்லைடர் என்றும் ஹைஃபாக்ஸ் என்றும் மெக்கானிக்குகள் சொல்வது இவற்றைத்தான். வண்டியின் எடையைச் சுமந்தபடி, ஓடும் டிராக்கின் உலோகக் கிளிப்புகள் மேல் இவை உரசிக்கொண்டே போகின்றன.

இந்த உரசலுக்கு யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள்? பனிதான். டிராக் அள்ளிவரும் தூள் பனி இடையில் புகுந்து உருகி, வழுவழுப்பைத் தருகிறது. பனி இல்லாத தார்ச்சாலையிலோ வெறும் பனிக்கட்டி ஏரியிலோ நெடுநேரம் ஓட்டினால், காய்ந்த கல்லில் ஊற்றிய தோசை மாதிரி பட்டை இளகி ஒட்டத் தொடங்கும்.

அதே பனிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. காபியை ஆற்ற டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கிறோம் அல்லவா? திரவத்தால் குளிரும் வண்டிகளில், என்ஜினின் சூட்டை வாங்கிய கூலண்ட், டிராக்குக்கு மேலே உள்ள அலுமினியக் கூண்டின் உட்புறக் குழாய்களுக்கு வருகிறது. இந்தக் கூண்டுக்கு டனல் என்று பெயர். டிராக் வாரியடிக்கும் பனி அந்தக் குழாய்களில் மோதி உருகி, சூட்டை இறக்கிவிடுகிறது. காருக்கு முன்பக்க ரேடியேட்டர் எப்படியோ, இந்த வண்டிக்குப் பனித்தூள் அப்படி.

ஆக, பனியே இதன் எண்ணெய். பனியே இதன் குளிர்நீர். பழைய ஸ்னோமொபைல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிகப் பெரிய உண்மை இதுதான். முந்தைய உடைமையாளர் போதிய பனியில் ஓட்டினாரா, பனி குறைந்த இடத்திலும் விரட்டினாரா என்பது மீட்டரில் பதிவாகாது. அந்தப் பிளாஸ்டிக் பட்டையில் பதிவாகியிருக்கும். பட்டையின் பக்கவாட்டில் தேய்மான எல்லைக் கோடு இருக்கும். கோட்டைத் தாண்டித் தேய்ந்திருந்தாலோ, உருகி வழிந்து உறைந்த தழும்பு இருந்தாலோ, என்ஜினும் சூடேறித் தவித்திருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. பட்டையை மாற்றுவது சிறு செலவு. அது சொல்லும் செய்தி பெரிது.

கூலண்டையும் பாருங்கள். ஃப்ரீசரில் வாய்வரை தண்ணீர் ஊற்றி வைத்த கண்ணாடிப் பாட்டில் வெடிப்பது போல, வெறும் தண்ணீர் ஊற்றிய என்ஜினும் ஒரே குளிர் இரவில் வெடிக்கும். உறையாத கலவைதான் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

குக்கரின் கேஸ்கட்

குக்கரில் நீராவி வெளியேறாமல் ரப்பர் வளையம் காப்பது போல, சிலிண்டரில் அழுத்தம் கசியாமல் பிஸ்டன் வளையங்கள் காக்கின்றன. வளையம் தேய்ந்தால் குக்கரில் பருப்பு வேகாது. இங்கே வண்டி இழுக்காது.

இதை அளக்கச் சின்ன அழுத்தமானி போதும். என்ஜின் சூடான பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை எர்த் செய்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் மானியைத் திருகுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் பிடித்தபடி, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றைச் சில முறை இழுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 110 முதல் 140 பி.எஸ்.ஐ. வரை காட்டும். என்ஜினுக்கு என்ஜின் எண் மாறும். மேட்டுநிலத்தில் குறைந்தும் காட்டும். எண்ணைவிட ஒற்றுமை முக்கியம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், உள்ளே ஒன்று காயம்பட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். அளக்கவே விடாத விற்பனையாளரிடமிருந்து நன்றி சொல்லி விடைபெறலாம்.

ரவை கூடினால் அடி பிடிக்கும்

1980-களில் டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றியது நினைவிருக்கும். பழைய ஸ்னோமொபைல்களில் பெரும்பாலானவையும் அதே டூ ஸ்ட்ரோக் இனம்தான். பெட்ரோலோடு எரியும் அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு ஒரே உயவு. மிகப் பழைய வண்டிகளில் கையால் கலக்க வேண்டும். பிந்தையவற்றில் தனித் தொட்டியும் பம்பும் உண்டு. ஆயில் தொட்டி காலியாகக் கிடந்தால், அந்த வீட்டில் வண்டியை எப்படிப் பேணினார்கள் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

அடுத்தது காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம். உப்புமாவில் ரவை கூடித் தண்ணீர் குறைந்தால் அடி பிடிக்கிறது. என்ஜினில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறிப் பிஸ்டன் உருகுகிறது. குளிர் கூடக் கூடக் காற்று அடர்ந்துகொண்டே போகும். மைனஸ் 30 டிகிரியில் உள்ள காற்று, 0 டிகிரியில் உள்ளதைவிட ஏறத்தாழ 12 சதவீதம் அடர்த்தி மிகுந்தது. அதாவது யாரும் கேட்காமலே ரவை கூடிவிடுகிறது. கார்புரேட்டர் வண்டியில் இதற்கேற்பப் பெட்ரோல் துளையைப் பெரிதாக்க வேண்டும். புதிய வண்டிகளின் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல டிகாஷன் காபியின் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. வெளிறி வெண்மையாக இருந்தால் அடி பிடிக்கும் அபாயம் நெருங்கிவிட்டது.

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை போல ஒன்று அடித்தால், கோடை முழுதும் அதே பெட்ரோல் கிடந்திருக்கிறது. குழம்பு பொங்கி வழிந்து அடைத்த கேஸ் பர்னர் மஞ்சளாக எரிவது போல, பிசின் அடைத்த கார்புரேட்டரும் தடுமாறும். காற்று வடிகட்டும் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கொட்டகையில் கிடந்த வண்டியில் அது அடிக்கடி காணும் காட்சி.

இரண்டு மூடிகளும் ஒரு ரப்பர் வளையமும்

இனி வண்டியின் இதயமான பகுதி. ஸ்னோமொபைலில் கியர் கிடையாது. 1984-இல் இந்தியாவில் வந்த கினெட்டிக் ஹோண்டாவிலும், இன்றைய கியரில்லா ஸ்கூட்டர்களிலும் உள்ள அதே ஏற்பாடுதான் இதிலும் இருக்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். குவிந்த பாத்திர மூடிகள் இரண்டை முதுகோடு முதுகாகப் பிடியுங்கள். நடுவே ஒரு பள்ளம் உருவாகும். அதில் ரப்பர் வளையம் ஒன்றைப் போடுங்கள். மூடிகளை நெருக்கினால் வளையம் விளிம்பை நோக்கி ஏறும். விலக்கினால் நடுவுக்கு இறங்கும். கிளட்ச் என்பது இவ்வளவுதான்.

என்ஜினோடு ஒரு ஜோடி மூடி. டிராக்கை நோக்கி இன்னொரு ஜோடி. இரண்டையும் இணைத்து ஒரு பெல்ட். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது முதல் ஜோடி விலகியே இருக்கும். பெல்ட்டைப் பிடிக்காது, வண்டி நிற்கும். வேகம் ஏறியதும் உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்புறம் வீசப்பட்டு மூடிகளை நெருக்குகின்றன. பெல்ட் மேலே ஏறுகிறது. மறுமுனையில் இரண்டாவது ஜோடி விலகி, பெல்ட் உள்ளே இறங்குகிறது. சின்னச் சக்கரம் பெரியதாகவும் பெரிய சக்கரம் சின்னதாகவும் மாறுவதால், கியர் மாற்றாமலே வேகம் கூடுகிறது.

ஆகவே என்ஜின் எத்தனை வலிமையோடு இருந்தாலும், அத்தனையும் ஒரே ஒரு ரப்பர் பெல்ட்டின் பக்கவாட்டு உரசல் வழியாகத்தான் டிராக்கைச் சேர்கிறது. வெட் கிரைண்டரில் மாவு இறுகிக் கல் நின்றுபோக, மோட்டார் மட்டும் சுற்றினால் பெல்ட் கருகும். இங்கேயும் அதே கதி. பெல்ட்டைக் கழற்றி மடக்கிப் பாருங்கள். பக்கங்களில் பளபளப்பு, வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் பள்ளம், நூல் பிரிதல் ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள். தயாரிப்பாளர் சொன்ன புது அகலத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். மூடிகளின் முகத்தில் விரலை ஓட்டுங்கள். வரிவரியாகப் பள்ளம் தட்டினால் புது பெல்ட்டும் சீக்கிரம் போகும்.

வேகமாகப் பார்க்க வேண்டியவை

பெல்ட்டிலிருந்து வரும் சுழற்சி, செயின் கேஸ் என்ற எண்ணெய்ப் பெட்டிக்குள் உள்ள செயின் வழியாக டிராக்கை அடைகிறது. அதன் வடிகால் திருகில் காந்தம் இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாவு போன்ற கசடு இயல்பு. அரிசியில் கல் தட்டுப்படுவது போல உலோகத் துண்டு கிடைத்தால் உள்ளே பல்சக்கரத்தின் பல் உடைந்திருக்கலாம்.

வண்டியைத் திருப்பும் முன்பக்கச் சறுக்குக் கட்டையான ஸ்கீயின் அடியில் கார்பைட் பதித்த கம்பி உண்டு. அது மழுங்கினால், மழுங்கிய அரிவாள்மனையில் தக்காளி நழுவுவது போல, திருப்பினாலும் வண்டி நேரே வழுக்கிப் போகும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்கீயை இடமும் வலமும் ஆட்டுங்கள். லொடலொடவென்றால் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன.

டனலின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புது ரிவெட், வளைவு, வெடிப்பு இருந்தால் மோதல் நடந்திருக்கலாம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் அரித்துப் புள்ளி விழும். குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் அலுமினியத்தை அப்படித்தான் அரிக்கும். திறந்த டிரெய்லரில் பல ஆண்டுகள் இழுத்துச் சென்ற வண்டியில் அந்தப் புள்ளிகளைக் காணலாம்.

ஆக்சிலேட்டரை விட்டதும் அது சட்டென்று திரும்பி வர வேண்டும். பிரேக் உறுதியாகப் பிடிக்க வேண்டும். அவசர நிறுத்த சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றிலும் சலுகையே இல்லை.

காகிதமும் காலமும்

டனலின் வலப்பக்கம் பொறித்த அடையாள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியின் மேல் கடன் பாக்கி உள்ளதா என்று அரசுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஒண்டாரியோவில் வாங்கிய 6 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டக் காப்புறுதியும் வேண்டும்.

வசந்தத்திலும் கோடையிலும் விலை இறங்கும். ஆனால் பனி இல்லாததால் ஓட்டிப் பார்க்க முடியாது. அப்போது வாங்குவதானால் மேலே சொன்ன சோதனைகளை இருமடங்கு கவனத்தோடு செய்யுங்கள். உதிரிபாகத்தையும் நினையுங்கள். யமஹா 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்னோமொபைல் விற்பனையை முடிப்பதாக 2023-இல் அறிவித்தது. எந்த நிறுவனத்து வண்டியானாலும், பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானைக்கு அந்தக் கணக்கு உதவாது. டிராக், ஸ்லைடர், அழுத்தம், பிளக், பெல்ட் என்று ஐந்து இடத்தில் கரண்டி விட வேண்டும். பெயிண்டும் சீட்டும் ஸ்டிக்கரும் கடைசி.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். விற்பவரின் முற்றத்திலேயே, கையுறையோடு, பெல்ட்டை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அவரிடமிருந்து ஒரு மாற்று பெல்ட்டையும் அதற்கான கருவியையும் கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். காட்டுக்கு நடுவே அது அறுபடும் நாளில், உங்களை வீடு சேர்க்கப் போவது அந்தப் பத்து நிமிடப் பழக்கம்தான்.